இரண்டு தட்டு

இரவு ஏழேமுக்கால் மணி. விடத்தல்தீவைத் தாண்டிப் பாப்பாமோட்டைக்கு வருகிற றோட்டு. இதே றோட்டுத்தான்... இப்போது பஸ் பழுதாகி, இருபது பேரும் நடுவழியில் குந்திக்கொண்டிருக்கிறோமே, இதே றோட்டு.

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. மெக்கானிக் வர விடிந்துவிடும் என்று கொண்டக்டர் சொல்லிவிட்டார். இந்த நுளம்புக் கடிக்குள் நித்திரையும் வராது. அன்ரோனெற் அக்கா, அந்த யன்னலை இறக்கிவிட்டுக் கிட்ட வந்து இருங்கள். பின்சீற்றில் தனியாக இருக்கிற ஐயா, நீங்களும் முன்னுக்கு வாருங்கள். கதை முடியும்போது எப்படியும் எழும்பி வருவீர்கள், அதற்கு இப்போதே வந்துவிடலாம்.

இது என்னோடு கடற்தொழிலுக்கு வருகிற எமிலியானுஸின் மச்சான் கிறகரிக்கு நடந்தது. பேசாலை ஆள். லொறி ஓட்டினவர். குடிக்கிற பழக்கம் இல்லாதவர். அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை முடிந்ததும் யாராவது ஒருவர் அதைத்தான் கேட்பீர்கள்.

அறுபத்தெட்டாம் ஆண்டு, ஐப்பசி மாதம். வெள்ளாங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குச் சீமெந்து இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு கிறகரி திரும்புகிற நேரம். சந்தியில் ஒரு பெண் றோட்டின் நடுவே வந்து நின்றாள். தோளில் ஆறு வயதுப் பெண் பிள்ளை. பிள்ளையின் வலது கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்திருந்தது. வயல் வரம்பில் புடையன் பாம்பு கடித்திருக்கிறது. ஊர்ப் பரியாரி மருந்து கட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். ஒன்பது மணிக்குள் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தப்பும், இல்லாவிட்டால் இல்லை என்றாராம். அந்தப் பக்கத்தில் அந்த நேரம் வேறு வாகனம் கிடையாது.

தாயின் பெயர் பரமேஸ்வரி. கிறகரிக்கு முன்பின் தெரியாத பெண். லொறியின் படியில் கால் வைக்கவே அவளுக்கு வலுவில்லை.

"ஏறுங்கோ தங்கச்சி. பயப்பிடாதேங்கோ. எட்டரைக்குள்ளை நான் கொண்டுபோய் விடுவன்."

அப்படி வாக்குக் கொடுத்துத்தான் ஏற்றினார். லொறியும் நன்றாகவே ஓடியது. இலுப்பைக்கடவை போனது, விடத்தல்தீவும் போனது. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் லொறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சலிப்பாக இருந்தாலும் கேளுங்கள், முடிச்சு இங்கேதான் கிடக்கிறது. எஞ்சினுக்கு அடியில் தட்டு மாதிரி ஒன்று இருக்கிறது. ஒயில் அதில்தான் நிற்கும். அந்த லொறியில், தட்டின் முன்பக்கத்தில் ஒரு குழாய் இருந்து ஒயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். அது போய்ச் சேர்ந்தால்தான் உள்ளே சுழல்கிற இரும்பு ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கி ஓடும். சரி, லொறி மலை ஏறினால் என்ன ஆகும்? முகம் மேலே போகும், வால் கீழே வரும். ஒயில் எல்லாம் தட்டின் பின்பக்கத்துக்கு ஓடிவிடும். குழாய் வெறுங்காற்றை உறிஞ்சும். ட்றைவருக்கு முன்னால் இருக்கிற சின்ன மீற்றரில் ஊசி பூச்சியத்துக்கு விழும். உள்ளே இரும்பு இரும்பில் மோதத் தொடங்கும். டொக்... டொக்... அதற்குப் பிறகும் விடாமல் ஓட்டினால் எஞ்சின் இறுகி, செத்துப் போகும்.

அதனால் மலைக்குப் போகிறவர்கள் ஒயிலை மேற்கோடுவரை நிரப்பிக்கொண்டு போவார்கள். நம்முடைய மன்னாரில் ஏது மலை? மேடு என்று காட்ட மணற்புட்டியும் குளக்கட்டும்தான் இருக்கின்றன. ஒயில் பார்க்கிற கம்பியில் கீழ்க்கோடு நனைந்தால் போதும் என்று ஓட்டிப் பழகியவர்கள் நம்முடைய ட்றைவர்மார். சமதரைக்கு அது காணும்.

அதற்கு முந்தின வருடம் கருவாடு ஏற்றிக்கொண்டு அப்புத்தளைக்குப் போனபோதும் கிறகரி அந்தக் கணக்கில்தான் போனார். புறப்படும்போது மெக்கானிக் சரிபுதீன் கேட்டார்.

"மேல்கோட்டுக்கு விட்டனீங்களோ?"

"ஓம், ஓம்."

கம்பியை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த லொறிக்குக் கிளீனர் தம்பு. பாப்பாமோட்டை ஆள். கிறகரியைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வாயில் எந்நேரமும் சுருட்டு. தம்புவின் வேலை கட்டை வைப்பது. ஏற்றத்தில் லொறி நின்றால், அது பின்னுக்கு உருளாமல் பின்சில்லுக்கு அடியில் கட்டை கொடுக்கவேண்டும். பாலைமரக் கட்டை, கயிற்று வளையம் போட்டது. உடனே குதிக்க வசதியாக, லொறியின் கடைசியில், வால்பலகையில் அந்தக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். மழை பெய்தாலும் அங்கேதான். முன்சீற் வெறுமையாகக் கிடந்தாலும் அங்கேதான். முன்னுக்கு வாங்கோ அண்ணை என்று கிறகரி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பாஷை இருந்தது. பலகையில் ஒரு தட்டு என்றால், பொறு. இரண்டு தட்டு என்றால், கட்டை வைத்தாயிற்று, பிறேக்கை விடு.

அப்புத்தளை ஏற்றத்தில், பனிப்புகார் மூடிக் கிடந்த நேரத்தில், ஊசி விழுந்தது. கிறகரி பதறிப்போய் லொறியை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. தம்பு பின்னால் குதித்த சத்தம் கேட்டது. கண்ணாடியில் புகாரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறேக்கில் காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். டொக்... டொக். இரண்டு. காலை எடுத்தார்.

லொறி இரண்டடிதான் பின்னுக்குப் போனது. இரண்டே இரண்டு அடி.

தம்பு தட்டவில்லை. அவர் அப்போதுதான் குனிந்திருக்கிறார். தட்டியது ஒயில் இல்லாத எஞ்சின்.

பொலிசுக்குக் கிறகரி சொன்னது வேறு. தம்புவின் மனைவி பூமணிக்குச் சொன்னதும் வேறு. இரண்டு இடத்திலும் பிறேக் பிடிக்கவில்லை என்றார். எல்லோரும் நம்பினார்கள். பூமணி அழுதுகொண்டே அந்தக் கட்டையைத் தூக்கிவந்து பாடையில் வைத்தார். "அவற்றை கையிலை இருந்த சாமான். அவரோடையே போகட்டும்" என்றார். பாப்பாமோட்டைச் சுடலையில் அந்தக் கட்டையின் ஒரு பக்கம் தீப்பிடித்ததைக் கிறகரி தன் கண்ணால் பார்த்தார். முழுவதும் எரியும்வரை நிற்க அவருக்கு மனம் துணியவில்லை.

அதன் பிறகு அவர் மலைப்பக்கம் போகவே இல்லை. வேறு கிளீனர் வைக்கவும் இல்லை. ஒயிலை மட்டும் ஒவ்வொரு நாளும் மேற்கோட்டுக்கு நிரப்பினார். சமதரையில் மட்டும் ஓடினார். சமதரையில் கட்டைக்கு என்ன வேலை, தம்புவுக்குத்தான் என்ன வேலை என்று நினைத்திருப்பார் போல.

சரி. ஏழேமுக்காலுக்கு வருவோம்.

இரண்டு பக்கமும் வயல். இடைக்கிடை பனை. காற்று ஒரு பொட்டும் இல்லை. முதலில் மாறியது லைற் வெளிச்சம்.

வெளிச்சம் றோட்டில் விழுந்துகொண்டிருந்தது. மெல்ல முன்னுக்கு நீண்டது. பிறகு றோட்டை விட்டு எழும்பியது. தூரத்தில் நின்ற ஒரு பனையின் அடியில் பட்டது... நடுவில் பட்டது... உச்சி வட்டில் பட்டது. ஓலைகள் வெள்ளையாகத் தெரிந்தன. றோட்டு இருட்டில் கிடந்தது.

கிறகரி வேகத்தைக் குறைத்தார். ஸ்ரியறிங் கைக்குள் இலேசாகிவிட்டது. முன்சில்லு இரண்டும் நிலத்தில் சரியாகப் பதியவில்லை. முன்பக்கம் எழும்புகிறது என்றால் பின்பக்கம் பாரம் என்று அர்த்தம். ஆனால் லொறி வெறுமை. வெள்ளாங்குளத்தில் தானே ஏறிக் கூட்டித் தள்ளிய லொறி.

மீற்றரைப் பார்த்தார். ஊசி விழுந்துகொண்டிருந்தது.

ஒரு மேடும் இல்லாத றோட்டில், லொறி மலை ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணை?" என்றாள் பரமேஸ்வரி.

"ஒண்டுமில்லை. ஒருக்கா இறங்கிப் பாத்திட்டு வாறன்."

எஞ்சினை நிறுத்தினார். ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கியதும் தெரிந்தது, ஒரு தவளைச் சத்தமும் இல்லை. ஐப்பசி மாதத்தில், வயல் வெளியில், தவளை கத்தவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து ஒயில் கம்பியை இழுத்தார். வெள்ளாங்குளத்தில் மேற்கோடுவரை நனைந்து வந்த கம்பி... காய்ந்து வந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு இழுத்தார். காய்ந்துதான் வந்தது. கீழே குனிந்து பார்த்தார். ஒரு துளி ஒழுக்கில்லை. மணல் காய்ந்து கிடந்தது. ஒயில் எங்கேயும் போகவில்லை. உள்ளேதான் இருக்கிறது. பின்னுக்கு ஓடிப் போய் நிற்கிறது.

பின்னால் போய்ப் பார்க்கவேண்டும். மூடியைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். உள்ளே பிள்ளை முனகியது. போனார்.

பின்பக்க வில்லுத் தகடுகள் நூறு மூடை ஏற்றின மாதிரி அமுங்கி நேராகிக் கிடந்தன. ரோச்சை மேலே அடித்தார். லொறி வெறுமை. தளத்தில் ஒன்றும் இல்லை. வால்பலகையில் மட்டும், எத்தனை தரம் கூட்டினாலும் போகாத சீமெந்துத் தூள் மெல்லியதாகப் படிந்திருந்தது. ஒரு இடத்தில் அந்தத் தூள் இல்லை. ஒரு ஆள் குந்தியிருக்கிற அளவுக்கு.

பிறகு மணம் வந்தது. சுருட்டு.

கிறகரி ஓடினார். இதை எமிலியானுஸிடம் சொல்லும்போது அவர் வெட்கப்படவில்லையாம். "ஓடினனான் மச்சான், நாய் துரத்தினமாதிரி ஓடினனான்" என்றாராம். முன்னுக்கு வந்து கைபிடி போட்டுச் சுழற்றினார். மூன்றாவது சுழற்றலில் எஞ்சின் பிடித்தது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஊசி பூச்சியத்தில் படுத்துக் கிடந்தது.

டொக்.

ஒன்று. பொறு.

கிறகரி அசையாமல் இருந்தார். எஞ்சினா? பலகையா? அவருக்குத் தெரியவில்லை. மலையிலும் தெரியவில்லை, இங்கேயும் தெரியவில்லை.

"அண்ணை..." பரமேஸ்வரியின் குரல் உடைந்தது. "பிள்ளையின்ரை பல் முரசாலை ரத்தம் வருது."

மீற்றர் வெளிச்சத்தில் பார்த்தார். பிள்ளையின் கீழுதடு கறுப்பாகத் தெரிந்தது. மன்னாருக்கு இன்னும் எட்டு மைல். ஊசி இப்படிக் கிடக்க லொறியை ஓட்டினால் ஒரு மைலில் எஞ்சின் இறுகும். அதற்குப் பிறகு இந்த றோட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியதுதான். நின்றாலும் அதே கதி. பிறேக் பிடிக்கவில்லை என்று யாரிடமும் சொல்லித் தப்பவும் முடியாது.

வால் பாரமானால் லொறிக்காரன் என்ன செய்வான்? பாரத்தைப் பின்னால் இருந்து முன்னுக்கு மாற்றுவான். லொறி மட்டமாகும். ஒயில் குழாயடிக்குத் திரும்பி வரும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மெக்கானிக்கும் வேண்டாம்.

கிறகரிக்கு விளங்கிவிட்டது. மடு மாதாவே என்றார். மாதாவைக் கூப்பிட்ட வாயால் அடுத்ததைச் சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை.

"தங்கச்சி, கொஞ்சம் இஞ்சாலை தள்ளி இருங்கோ."

பரமேஸ்வரி விறைத்துப் போனாள். இருட்டு றோட்டு, தெரியாத ஆம்பிளை, கிட்ட வரச் சொல்கிறார். அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள்.

"பிழையா நினைக்காதேங்கோ. கதவுப் பக்கம் ஒராள் ஏறவேணும்."

அவள் நடுவுக்குத் தள்ளி இருந்தாள். கிறகரி அவளுக்குக் குறுக்காகக் கையை நீட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். கதவு இருட்டுக்குள் விரிந்தது. அந்த இருட்டைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பு அண்ணை... முன்னுக்கு வாங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பின்னால் பலகை கிறீச்சிட்டது. பனையின் வட்டில் நின்ற வெளிச்சம் இறங்கியது. நடுமரத்துக்கு... அடிக்கு... றோட்டுக்கு. மணலில் காலடிச் சத்தம் இல்லை. சுருட்டு மணம் மட்டும் லொறியின் இடப்பக்கமாக முன்னுக்கு வந்தது. படி அமுங்கியது. லொறி இடது பக்கம் சாய்ந்தது.

"கவனம் ஐயா, பிள்ளையின்ரை கால்..." என்றாள் பரமேஸ்வரி.

யாரிடமோ சொன்னாள். சொல்லிக்கொண்டே பிள்ளையின் வீங்கின காலைத் தன் பக்கம் இழுத்து இடம் கொடுத்தாள். கிறகரி பார்த்தார். திறந்த கதவு. அதற்கு அங்காலே இருட்டு. வேறொன்றும் இல்லை.

கதவு சாத்தப்பட்டது. அவள் சாத்தவில்லை. அவளுடைய இரண்டு கையும் பிள்ளையில் இருந்தன.

ஊசி எழும்பியது. நடுவில் வந்து நின்றது.

கிறகரி கியரைப் போட்டார். எஞ்சின் ஒரு முனகலும் இல்லாமல் இழுத்தது. சுருட்டு மணத்தோடு இப்போது வேறொரு மணமும் கலந்திருந்தது. கருகின விறகு மணம். அவர் இடப்பக்கம் திரும்பவே இல்லை. றோட்டையும் ஊசியையும் பார்த்தார். ஊசியையும் றோட்டையும் பார்த்தார். பாப்பாமோட்டைச் சந்தி போனது. சுடலைப் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை.

"அண்ணை, இந்த ஐயா பிள்ளையைத் தன்னட்டைத் தரட்டாம். எனக்கும் கை ஓய்ஞ்சு போச்சு. குடுக்கட்டே?"

கிறகரிக்கு அந்த நேரத்தில் உயிர் இருக்கவில்லை என்றே சொல்லவேண்டும். குடுக்காதேங்கோ என்று கத்த வாயைத் திறந்தார். ஊசி நடுங்கியது. ஒரு கோடு இறங்கியது. வெளிச்சம் றோட்டில் ஒரு முழம் முன்னுக்கு நகர்ந்தது.

"...குடுங்கோ."

ஊசி எழும்பியது.

கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்தான். பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. பிள்ளையை நித்திரையாக்க முதுகில் தட்டுகிற சத்தம். தட், தட். நிறுத்தம். தட், தட். நிறுத்தம். இரண்டு இரண்டாக.

நானாக இருந்தால் லொறியை விட்டுக் குதித்திருப்பேன். நீங்களும் அப்படித்தான். கிறகரி குதிக்கவில்லை. அதை மட்டும் அவர் கணக்கில் எழுதுங்கள்.

மன்னார்ப் பாலத்துக்கு ஏறினார்கள். இரண்டு பக்கமும் கடல். தூரத்தில் கோட்டையின் பக்கம் இரண்டு மூன்று லைற். ஊர் தெரிந்ததும் அவருக்குத் துணிவு வந்ததோ, இல்லை இனித் தாங்காது என்று வந்ததோ தெரியாது. றோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அண்ணை, நான் பொய் சொன்னனான். பிறேக் நல்லாத்தான் இருந்தது. ஒயில்தான்... நான் விடேல்லை. எஞ்சின் தட்டினதை நீங்கள் எண்டு நினைச்சிட்டன்."

தட்டுகிற சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு வரவே இல்லை. பாலம் முடிந்தது, வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்தது, வரவில்லை. பிள்ளை மூச்சு விடுகிறதா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவும் அவருக்குப் பயம். ஆஸ்பத்திரி முற்றத்தில், மதிலைப் பார்த்தபடி லொறியை நிறுத்தினார். மணி எட்டு முப்பத்தைந்து.

இடப்பக்கக் கதவு திறந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். பரமேஸ்வரி இறங்கினாள். பிள்ளை ஒருத்தரின் கையிலிருந்து இன்னொருத்தரின் கைக்குப் போனது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். கிறகரி மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். லைற் இரண்டும் மதிலில் இரண்டு வட்டமாக விழுந்திருந்தன. இடது வட்டம் ஒரு சாண் கீழே நின்றது.

"வந்திட்டம் அண்ணை" என்றார். "இனி... இறங்குங்கோ."

இடது வட்டம் எழும்பியது. வலது வட்டத்துக்குச் சரியாக வந்து நின்றது. இரண்டும் ஒரே மட்டம். சுருட்டு மணம் போய்விட்டது. கிறகரி சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணீர் வந்துவிட்டது. ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தார்.

நிமிர்ந்தபோது வட்டங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒன்றாக. மதிலில் மேலே... மதிலின் விளிம்புக்கு... அதைத் தாண்டிக் கூரை ஓட்டுக்கு.

முன்னால் வேண்டியபோது கிறகரி கூப்பிட்டார். வேலை முடிந்ததும் இறங்கச் சொன்னார். தம்பு இறங்கித் தன்னுடைய இடத்துக்குப் போய்விட்டார்.

கிறகரி பிறேக்கை மிதித்தார். அது யோசித்துச் செய்தது அல்ல, கால் தானாகப் போனது. எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் குலுங்கி அடங்கியது. முற்றத்தில் சத்தமே இல்லை.

டொக்... டொக்.

எஞ்சின் நின்றிருந்தது. இது எஞ்சின் இல்லை. மரத்தில் பட்ட முட்டியின் சத்தம். மலையில் கேட்டது இரும்பு, இது மரம். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. இதுவா எனக்குத் தெரியாமல் போனது என்று கிறகரி அந்த இடத்திலேயே அழுதார்.

இரண்டு தட்டு. கட்டை வைத்தாயிற்று, பிறேக்கை விடு.

அவர் விடவில்லை. முற்றம் சமதரை, காலை எடுத்தாலும் லொறி அசையாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் வெளிச்சம் கூரையில் நிற்கிறது. லொறி மலையில் நிற்கிறது. காலை எடுத்தால் இரண்டடி... அந்த இரண்டடியில் யார் குனிந்திருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

டொக்... டொக். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம். அவசரமில்லாமல்.

லைற் மங்கிக்கொண்டு போய், நடுச்சாமத்தில் பற்றரி இறங்கி அணைந்தது. யாரோ வந்து லொறியை ஓரமாக்கச் சொன்னார்கள். கிறகரி காலை எடுக்கவில்லை. நாலு மணிபோல பரமேஸ்வரி வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பும் அழுகையும்.

"பிள்ளை கண் முழிச்சிட்டாள் அண்ணை! உங்களைக் கும்பிடுறன். அந்த ஐயாவிட்டையும் சொல்லவேணும். பிள்ளையை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு வந்த மனிசன். எங்கை அவர்?"

"பின்னாலை" என்றார் கிறகரி.

அவள் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, போய்விட்டார் போல என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

விடிந்தபோது ஆஸ்பத்திரிக் காவற்காரர் அலியார் வந்தார். வயதான மனிதர், பொறுமையான மனிதர். கதவைத் திறந்து பார்த்தார். கிறகரியின் வலது கால் மரத்துக் கட்டையாகி, பிறேக்கில் நின்றது.

"என்ன தம்பி, காலை எடுங்கோவன்."

"ஒருக்கா... பின்சில்லடியைப் பாத்துச் சொல்லுங்கோ. ஆராவது குனிஞ்சு நிக்கினமோ எண்டு. பாத்திட்டு வந்து வாயாலை சொல்லுங்கோ. தட்டாதேங்கோ."

அலியார் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் பின்னால் போனார். கிறகரி காத்திருந்தார். நேரம் எடுத்தது. ஒரு காகம் கத்தியது. அலியார் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவருடைய செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"ஒருத்தரும் இல்லை. ஆரோ சில்லுக்குக் கட்டை வைச்சிருக்கினம். சமதரையிலை என்னத்துக்குக் கட்டை?"

கையில் கொண்டுவந்திருந்தார். பாலைமரக் கட்டை. கயிற்று வளையம் இல்லை, அது கட்டியிருந்த துளை மட்டும் இருந்தது. ஒரு பக்கம் முழுவதும் கரி.

அலியார் அதை ஒரு கையில் வைத்திருக்கவில்லை. இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தாங்கோ தம்பி, கெதியா வாங்குங்கோ" என்றார். "சுடுகுது."